வீட்டுத் தரையும் சுவர் ஓடும்

தரை துடைப்பதைப் பற்றி வானொலியில் பேச வந்திருக்கிறோம் என்றால் சிலருக்கு நகைப்புத் தோன்றலாம். இலக்கியம், வரலாறு, விஞ்ஞானம் என எத்தனையோ பொருள்கள் இருக்க, இதற்கும் ஒரு சொற்பொழிவா என்று கேட்கலாம். ஆயினும் அயல் மாநிலத்தில் வாடகை வீட்டில் வாழும் நம்மவர்க்கு இது புறக்கணிக்கத்தக்க பொருள் அன்று. வீட்டைக் காலி செய்யும் நாளில், முன்பணத்தைத் திருப்பித் தருவதற்கு முன்பு வீட்டுக்காரர் குனிந்து பார்ப்பது தரையைத்தான். அங்கே ஒரு வெளுத்த திட்டு இருந்தால் பணத்தில் ஒரு பகுதி போயிற்று. பணத்தை விடப் பெரிய இழப்பும் இதில் நேரக்கூடும். அதனை எங்கள் குடும்பத்திலேயே கண்டோம், பின்னர்ச் சொல்கிறோம்.

எங்கள் தொழில் மொழிபெயர்ப்பு. மைய அரசின் அலுவலகம் ஒன்றில் பணி. பணி நிமித்தமாகப் பாலக்காட்டில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் மைத்துனர் குடும்பம் இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கு அப்பால் வண்டிப்பெரியாற்றுப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே ஆண்டில் இரண்டு மூன்று முறை அந்த மலைக்கும் இந்தச் சமவெளிக்கும் இடையே போய் வருகிறோம். இரண்டும் தமிழர் நிறைந்த எல்லைப் பகுதிகளே. இந்தப் பக்கம் வாளையாறு, கஞ்சிக்கோடு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம்; அந்தப் பக்கம் மூணாறு, தேவிகுளம், உடும்பன்சோலை, குமுளி, பீர்மேடு. இவ்வூர்களில் உள்ள தமிழர் அனைவரையும் குடியேறியவர் என்று சொல்லிவிடவும் இயலாது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, இருந்த இடத்திலேயே இருந்து அயல் மாநிலத்தார் ஆனவரும் உளர்.

துடைப்பத்துக்குத்தான் எத்தனை பெயர்கள்! கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கொங்குத் தமிழர் சீமாறு என்பர். தேனி, மதுரை வழியாக இடுக்கி மலை ஏறியவர் விளக்குமாறு என்றும் வாரியல் என்றும் சொல்வர். மலையாளத்தார் சூல் என்பர். நம் காதுக்குச் சூல் என்றால் கருப்பம். புதிதாக வந்த ஒரு தமிழ்ப் பெண்மணியிடம் அண்டை வீட்டு மலையாளப் பெண்மணி ‘சூல் உண்டோ?’ என்று கேட்க, அவர் நாணித் தலைகுனிந்தார் என்று ஒரு வேடிக்கைக் கதை எங்கள் தெருவில் நெடுநாளாக வழங்கி வருகிறது. மெய்யோ பொய்யோ, மொழிபெயர்ப்பாளருக்கு இப்படிப்பட்ட கதைகள் இனிக்கும்.

பொருளுக்கு வருவோம். இரண்டு எல்லைகளும் தமிழருக்கு ஒன்றுபோலத் தோன்றினும், தரைக்கு அவை இரண்டு வேறு உலகங்கள். பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலை நடுவே விழுந்த பெரிய வாயில். அதன் வழியே கீழைக் காற்று வீசும் மாதங்களில் கோயமுத்தூர்ப் பக்கத்துப் புழுதி முழுவதும் நம் கூடத்தில் வந்து படிகிறது. காலையில் கூட்டிய தரை நண்பகலில் காலில் நறநறக்கும். சிற்றூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழை குறைந்தது; கிணற்று நீரும் ஆழ்துளை நீரும் பல இடங்களில் கடின நீர். அந்த நீரால் துடைத்தால், ஈரம் உலர்ந்தபின் சுண்ணமும் மக்னீசியமும் வெள்ளைப் படலமாக நிற்கும். உப்புப் பூத்திருக்கிறது என்று நம் வீடுகளில் சொல்வது இதையே. இடுக்கியிலோ நீர் மென்மையானது; புழுதி குறைவு. ஆனால் சூன் மாதம் மழை பிடித்தால் ஓய்வதில்லை. மழை ஓய்ந்தால் மூடுபனி. துடைத்த தரை உலராது. உலராத தரையில் பாசியும் பூஞ்சையும் கால்கொள்ளும். ஆகவே பாலக்காட்டில் உப்போடு போராட்டம், இடுக்கியில் பாசியோடு போராட்டம். உப்புக்கு ஏற்ற மருந்து பாசிக்கு ஆகாது; பாசிக்கு ஏற்றது உப்பைப் போக்காது. இரண்டையும் ஒரே வாளியில் கலந்தால் என்ன ஆகும் என்பதுதான் நாங்கள் பின்னர்ச் சொல்ல இருப்பது.

தரையின் வகையை அறியாமல் துலக்கப் புகுவது, நோயை அறியாமல் மருந்து கொடுப்பதைப் போன்றது. சாணம் மெழுகிய மண் தரை இப்போது அருகிவிட்டது; அதனை விட்டுவிடுவோம். பாலக்காட்டு அக்கிரகாரங்களிலும் பழைய வீடுகளிலும் இன்றும் காணப்படுவது காவித் தரை. சிமெண்டுக் கலவையின் மேற்பூச்சில் சிவப்புக் காவியைச் சேர்த்து, ஈரம் உலருமுன் கரணையால் அழுத்தி அழுத்தித் தேய்த்து மெருகேற்றிய தரை இது. காவி என்பது இரும்பின் ஆக்சைடு; துரு எவ்வாறு மேலும் துருப்பிடிக்காதோ, அவ்வாறே இந்த நிறமும் வெயிலில் மங்குவதில்லை. கல்பாத்தியில் நவம்பர் மாதத் தேர்த் திருவிழாவுக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் இத்தரையைக் கழுவி மாக்கோலம் இடுவார்கள். சிவப்பின்மேல் அரிசி மாவின் வெண்மை எடுப்பாக விளங்குவதைக் கண்டவர் மறவார்.

காவித் தரைக்கு எதிரி இரண்டு. ஒன்று மணல், செருப்போடு உள்ளே வரும் பருமணல் அதன் மெருகை அரத்தைப் போல அராவிவிடும். ஆகவே நீர் இட்டுத் துடைக்குமுன் உலர்ந்த துடைப்பத்தால் நன்கு கூட்டுவது இன்றியமையாதது. மணலோடு சேர்த்து ஈரத்துணியால் இழுப்பவர் தரையைத் துலக்கவில்லை, தேய்க்கிறார். மற்றோர் எதிரி அமிலம். அதனைச் சற்றுப் பொறுத்துச் சொல்வோம். நாள்தோறும் வெறும் நீர் போதும். வாரம் ஒருமுறை சிறிதளவு சவர்க்காரம் கலந்த நீரால் துடைத்து, நல்ல நீரால் மீண்டும் துடைக்கலாம். மெருகு மங்கினால் பழைய முறை ஒன்று உண்டு: பால் பிழிந்தெடுத்த தேங்காய்த் துருவலை மெல்லிய துணியில் முடிந்து தரையில் வட்டமாகத் தேய்ப்பது. துருவலில் எஞ்சிய எண்ணெய் நுண்துளைகளில் புகும், நார் மெருகூட்டும். பின்னர் உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் எறும்பு வரும். முதியவர் வழுக்கியும் விழுவர். தேங்காய் எண்ணெயை நேரே ஊற்றித் தேய்ப்பவரும் உளர். ஒரு கூடத்துக்குச் சில துளிகளே போதுமானவை.

செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓடு இதற்கு உடன்பிறப்பு. காரைக்குடிக்கு அருகில் ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றிச் செய்வது இது. சூளையில் சுடுவதில்லை, நீரில் ஊறவைத்து இறுக வைப்பர். கண்ணாடியைத் தொட்ட முகம் கண்ணாடியைப் போலவே வழவழப்பாக இருக்கும். சூளை காணாதது ஆதலின் இதுவும் சிமெண்டே, பீங்கான் அன்று. கேரளத்தில் புதிதாக வீடு கட்டும் நம்மவர் சிலர் இதனைத் தருவித்துப் பதித்துவிட்டு, பீங்கானைத் துலக்கும் நீர்மத்தால் துலக்கிப் பாழாக்குவதைப் பார்த்திருக்கிறோம். வெறும் நீரும் வீட்டாரின் வெறுங்கால் நடையும் இதற்குப் போதும். நடக்க நடக்க மெருகேறும் தரை இது.

சுட்ட மண் ஓடு மற்றொரு வகை. மலையாளத்தில் தறையோடு என்பர். மங்களூரில் பாசல் மிசன் பாதிரிமார் 1860-களில் தொடங்கிய ஓட்டுத் தொழில் பின்னர் மலபார்க் கரை நெடுகப் பரவிற்று. கோழிக்கோட்டிலும் பரூக்கிலும் பாலக்காட்டிலும் அவர்களுடைய ஆலைகள் இருந்தன. முதல் உலகப் போருக்குப் பின் அவை காமன்வெல்த்து டிரஸ்டின் கைக்கு மாறின. கூரை ஓட்டோடு தரைக்கான சதுர ஓடும் பெருகியது. இதன் குணம் யாதெனில், நீரைக் குடிக்கும், எண்ணெயையும் குடிக்கும். சமையற்கட்டில் எண்ணெய் சிந்தினால் உடனே துணியால் ஒற்றி எடுத்து, அதன்மேல் கோதுமை மாவோ சுண்ணாம்புத் தூளோ தூவி ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும். ஊறிய எண்ணெயைத் தூள் உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் கூட்டித் தள்ளிவிட்டு, வெந்நீரும் சவர்க்காரமும் இட்டு நார்த் தூரிகையால் தேய்க்கலாம். உடனே நீரை ஊற்றித் தேய்த்தால் எண்ணெய் இன்னும் பரவுமே அன்றிப் போகாது.

இனி மொசைக். நகரங்களில் வாழும் நம்மவர்க்கு மிகவும் பழகிய தரை இதுவே. தில்லியின் பழைய அரசுக் குடியிருப்புகளிலும், பம்பாயின் பழைய அடுக்கு வீடுகளிலும், பாலக்காட்டில் 1960-களிலும் 1970-களிலும் எழுந்த வீடுகளிலும் இதனைக் காணலாம். பம்பாயில் 1922 இல் சுதேசி எண்ணத்தோடு தொடங்கப்பெற்ற பாரத் நிறுவனம் சிமெண்டு ஓட்டை இந்தியாவிலேயே செய்து காட்டியது. மொசைக் என்பது சிமெண்டில் சலவைக்கல் துண்டுகளைப் பதித்து, இயந்திரத்தால் தேய்த்து மட்டமாக்கியது. அதாவது துண்டும் சுண்ணம், அதைப் பிடித்திருக்கும் சாந்தும் சுண்ணம். இங்கேதான் நாம் அமிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடையில் ‘ஆசிட்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அது ஐதரோகுளோரிக் அமிலம். 2013 இல் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. வாங்குபவர் யார், எதற்காக வாங்குகிறார் என்பதைக் கடைக்காரர் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆணை. ஆயினும் கழிப்பறை துலக்கும் நீர்மம் என்ற பெயரில் நீர்த்த அமிலம் எங்கும் கிடைக்கிறது. சலவைக்கல்லின்மேல் அமிலம் பட்டவுடன் நுரைத்துப் பொங்கும். வீட்டார் இதைக் கண்டு, ‘அழுக்கு எப்படிப் பொங்கிக்கொண்டு போகிறது பார்!’ என்று மகிழ்வர். பொங்குவது அழுக்கு அன்று, தரை. கல் கரைந்து கரியமிலவாயு வெளியேறும் நுரை அது. அன்று பளிச்சென்று தோன்றும். உலர்ந்ததும் மெருகு போய் வெளுத்த திட்டாகும். அந்தச் சொரசொரப்பில் அடுத்த வாரம் முன்னைவிட இருமடங்கு அழுக்குப் பிடிக்கும். அதைப் போக்க மீண்டும் அமிலம். இப்படியே சில ஆண்டுகளில் மொசைக் தரை உடைத்தெடுக்கும் நிலைக்கு வந்துவிடும்.

எலுமிச்சையும் புளியும் காடியும் கூட அமிலங்களே. இயற்கையானவை என்பதால் சலவைக்கல் அவற்றை மன்னித்துவிடாது. கடப்பைக் கல், கருநாடகத்து ஷாகாபாத்துக் கல், இராசத்தானத்துக் கோட்டாக் கல் ஆகிய மூன்றும் சுண்ணக் கற்களே. ஆதலின் அவற்றுக்கும் இவை ஆகா. உங்கள் வீட்டுத் தரை எந்த இனம் என்று ஐயமானால், அலமாரிக்கு அடியில் மறைவான மூலையில் ஒரு துளி எலுமிச்சைச் சாற்றை இட்டுச் சற்றுப் பொறுத்துத் துடைத்துப் பாருங்கள். மங்கல் வட்டம் விழுந்தால் அது சுண்ணத் தரை. வட்டம் சிறியது, மறைவிலும் இருப்பது, வீட்டுக்காரர் காணமாட்டார்.

மெருகு போன மொசைக்கை மீட்க ஒரே வழி, தொழில் அறிந்தவரை அழைத்து இயந்திரத்தால் மீண்டும் தேய்ப்பிப்பது. அவர்கள் இறுதியில் ஆக்சாலிக் அமிலப் பொடியைத் தூவித் தேய்ப்பதைக் கண்டு, ‘அமிலம் ஆகாது என்றீர்களே, இது என்ன?’ என்று எங்களை ஒருவர் மடக்கினார். நியாயமான வினா. அந்த அமிலம் சுண்ணத்தோடு சேர்ந்து கரையாத ஒரு மெல்லிய படலமாகிவிடுகிறது, கரைத்துக்கொண்டு ஓடுவதில்லை. ஆனால் அது நச்சுப் பொருள். தொழிலாளர் கையில் இருக்கட்டும்; நம் அடுக்களைப் பரணில் வேண்டா.

இன்று புதுவீடுகளில் பதிக்கப்படுபவை பெரும்பாலும் குசராத்தின் மோர்பி நகரிலிருந்து வருபவை. இவற்றில் இரண்டு இனம். சுவருக்கு வருவது, சுட்ட களிமண் உடலின்மேல் கண்ணாடிப் பூச்சு உள்ள பீங்கான் ஓடு. தரைக்கு வருவது, ஏறத்தாழ 1,200 பாகை வெப்பத்தில் சுட்டு உடல் முழுவதுமே கண்ணாடித் தன்மை அடைந்த ஓடு. விட்ரிபைடு டைல் என்று கடையில் சொல்வார்கள். இது தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு நீரைக் கூடக் குடிப்பதில்லை. கறை இதற்குள் புக வழியில்லை. ஆயினும், ‘புது டைல் போட்டபின் காலடித் தடம் தெரிகிறது, பிசுபிசுக்கிறது’ என்று குறை சொல்லாத இல்லத்தரசி இல்லை. காரணம் அழுக்கு அன்று, சவர்க்காரம். மணக்கும் நீர்மத்தை அளவின்றி ஊற்றித் துடைக்கிறோம்; ஓடு அதைக் குடிக்காமையால் அது மேலேயே படலமாக உலர்கிறது; பாலக்காட்டுப் புழுதி அதன்மேல் ஒட்டுகிறது. ஒரு வாளி நீருக்குச் சிறு மூடியளவு நீர்மம் போதும். இரண்டாவது வாளியில் வெறும் நீர் வைத்துத் துணியை அதில் அலசிக்கொண்டே துடைத்தால் பிசுபிசுப்பு அகன்றுவிடும்.

சமையற்கட்டுச் சுவரில் தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பசை படியும். அதற்கு விலையுயர்ந்த நீர்மங்கள் வேண்டியதில்லை. சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்துத் துணியில் நனைத்து ஒற்றி, சில நிமிடம் விட்டுத் துடைத்தால் எண்ணெய் சவர்க்காரமாக மாறி வந்துவிடும். கைக்கு உறை அணிவது நன்று. இரும்பு நாரும் மணலும் பீங்கான் ஓட்டுக்கு ஆகா. கண்ணாடிப் பூச்சில் கீறல் விழுந்தால் அழுக்கு அதற்குள் குடியேறிவிடும். குளியலறைச் சுவரின் உப்புப் படலத்துக்கு, பீங்கான் ஓடு ஆயின், நீர் கலந்த காடியையோ எலுமிச்சையையோ பயன்படுத்தலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாமல் நிறைய நீரால் கழுவிவிடுங்கள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் உள்ள சந்து சிமெண்டால் ஆனது அன்றோ? ஓடு தாங்கினாலும் சந்து தாங்காது. சந்து அரித்துப் போனால் நீர் உட்புகுந்து ஓடு கழன்றுவிடும். உப்புப் படலம் வராமற் காப்பதே எளிது: குளித்தபின் உலர்ந்த துணியால் சுவரை ஒருமுறை வழித்துவிட்டால் நீரோடு உப்பும் போயிற்று. எங்கள் வீட்டில் இந்த விதியை ஏற்படுத்தியவர் நாங்கள் அல்லர், எங்கள் மகள். எத்தனை நாள் நடந்தது என்று கேளாதீர்கள்.

மலைக்குச் செல்வோம். எங்கள் மைத்துனர் இருக்கும் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து லயங்களில் பெரும்பாலும் சிமெண்டுத் தரை. தோட்டத்தை விட்டு வெளியே சொந்த வீடு கட்டியவர், ஆயுள் முழுதும் லயத்தில் கிடந்த ஏக்கத்தாலோ என்னவோ, முன்திண்ணை வரை பளபளக்கும் ஓட்டைப் பதித்துவிடுகிறார்கள். சூன் மாத மழையில் அந்தத் திண்ணை பனிக்கட்டி போல வழுக்கும். மைத்துனரின் மாமியார் கொழுந்து கூடையைச் சுமந்து நாற்பது ஆண்டுகள் மலைச்சரிவில் விழாதவர். மகன் கட்டிய புது வீட்டுத் திண்ணையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மழை படும் இடத்துக்குச் சொரசொரப்பான ஓடே தக்கது. அதில் பாசி பிடிக்கும், உண்மைதான். முதலில் தூரிகையால் உலரத் தேய்த்து, பாசியைக் கூட்டி அள்ளிவிட்டு, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிநீரை ஊற்றி அரைமணி விட்டுக் கழுவ வேண்டும். பாசியை அள்ளாமல் ஊற்றினால் மருந்தின் வலிமை மேற்பாசியோடு தீர்ந்துவிடும், வேர் தப்பிவிடும்.

பிளீச்சிங் பவுடரைச் சொன்னதும் 2018 ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அவ்வாண்டு ஆகஸ்டில் கேரளம் முழுவதும் பெருவெள்ளம். இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. இங்கே மலம்புழை அணை திறந்தது, கல்பாத்திப்புழை கரைபுரண்டது. ஆற்றுக்கு அருகில் தாழ்ந்த இடத்தில் இருந்த எங்கள் அத்தை வீட்டில் முழங்கால் அளவு நீர் புகுந்தது. வடிந்தபின் சேறு. அத்தைக்கு அப்போது 68 வயது. சேறு காயுமுன் அள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கூடத்துக் காவித் தரையை ஒரு கீறலும் இன்றி மீட்டார். பிறகு குளியலறை. அங்கே புதுப் பீங்கான் ஓடு. வீடு வீடாகக் கொடுத்த பிளீச்சிங் பவுடரை உலர்ந்தபடியே நிறையத் தூவி நீர் தெளித்திருக்கிறார். மூலையில் இருந்த மஞ்சள் கறை போகவில்லை. கழிப்பறைக்கு வாங்கி வைத்த அமிலக் குப்பி பக்கத்தில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, குப்பியைக் கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்க்கத் தொடங்கியிருக்கிறார்.

நாங்கள் கூடத்தில் அலமாரியை நகர்த்திக்கொண்டிருந்தோம். இருமல் கேட்டது. ‘அத்தை, என்ன ஆயிற்று?’ என்று கேட்டோம். ‘ஒன்றும் இல்லையப்பா, நெடி’ என்றார். அடுத்த இருமல் வேறு விதமாக இருந்தது. கதவைத் தள்ளித் திறந்தபோது எங்கள் கண்ணும் எரிந்தது. அவரால் எழுந்திருக்க இயலவில்லை. தூக்கித் தெருத் திண்ணைக்குக் கொண்டுவந்து, கண்ணை நீரால் கழுவி, மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். இரண்டு நாள் ஆக்சிசன் வைத்தார்கள். உயிர் தப்பிற்று. ஆயினும் மாடிப்படி ஏறினால் இளைக்கும் இளைப்பு அவரை விட்டு இன்னும் முழுவதும் நீங்கவில்லை.

நடந்தது யாது? பிளீச்சிங் பவுடர் என்பது சுண்ணாம்பு பிடித்து வைத்திருக்கும் குளோரின். அமிலம் பட்டதும் சுண்ணாம்பின் பிடி விட்டுப்போகிறது. குளோரின் வாயுவாகக் கிளம்புகிறது. 1915 ஏப்ரல் 22 ஆம் நாள் பெல்சியத்தின் ஈப்ரு போர்க்களத்தில் செருமானியர் பகைவர்மீது திறந்துவிட்டார்களே, அந்த வாயுதான் இது. காற்றைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. கனமானது ஆதலின் மேலே போகாது, தரையோடு தங்கும். நின்றுகொண்டு நீண்ட கோல் துடைப்பானால் துடைப்பவரை விட, நம் நாட்டு வழக்கப்படி குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரே அதை முதலில் சுவாசிக்கிறார். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் யாவரும் அப்படித்தான் உட்கார்கிறார்கள். அமோனியா கலந்த நீர்மத்தோடு பிளீச்சிங்கைக் கலந்தாலும் வேறொரு நச்சு வாயு எழும்.

ஆகவே ஒரு நாளில் ஒரு மருந்து; அதுவும் கதவும் சாளரமும் திறந்தபடி. பிளீச்சிங் இட்ட இடத்தில் அன்று அமிலம் வேண்டா. அளவும் சொல்லிவிடுகிறோம். புதிய பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு குளோரின் இருக்கும். 30 கிராம் பவுடரை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் நூற்றுக்கு ஒரு பங்கு வலிமையுள்ள கரைசல் கிடைக்கும். வெள்ளத்துக்குப் பின் தரையைத் துப்புரவாக்க இது போதும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள். அடிமண்டி காவித் தரையில் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். சேற்றைக் கழுவியபிறகே இதை ஊற்ற வேண்டும். பழைய பவுடரில் வலிமை குறைந்திருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நன்று. தவறி வாயு எழுந்துவிட்டால், அதைக் கழுவ முயலாமல் முதலில் வெளியே வந்துவிடுங்கள். கண்ணைக் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவுங்கள். இருமல் நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். நுரையீரலின் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரக்கூடும்.

அத்தை வீடு திரும்பிய அன்று அந்தக் குப்பியை எடுத்துப் பார்த்தோம். வேறொன்றோடும் கலக்கலாகாது என்னும் எச்சரிக்கை அதில் தெளிவாகவே இருந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும், எறும்பு அளவு எழுத்தில். அத்தைக்குத் தமிழும் மலையாளமும் வாசிக்கத் தெரியும். மற்ற இரண்டும் தெரியா. எத்தனையோ சுற்றறிக்கைகளையும் படிவங்களையும் மொழிபெயர்த்து வயிறு வளர்க்கும் நாங்கள், வாரந்தோறும் போய்வந்த வீட்டில் இருந்த ஒரு குப்பியின் இரண்டு வரிகளை மொழிபெயர்த்திருக்கவில்லை.

அன்று மாலையே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். தமிழில் ஒரு வரி: ‘இதோடு பிளீச்சிங் சேர்க்காதே, கதவைத் திறந்து வை.’ வேலைக்கு வரும் பெண்ணின் பொருட்டு அதற்குக் கீழே மலையாளத்தில் அதே வரி. அத்தை அதைப் பார்த்துவிட்டு, ‘சேர்க்காதே என்று என்னை அதட்டுகிறாயா? சேர்க்காதீர்கள் என்று எழுது’ என்றார். திருத்தி எழுதினோம். குப்பி மாறும்போதெல்லாம் புதிதாக எழுதி ஒட்டுகிறோம். வண்டிப்பெரியாற்றுக்கும் ஒரு கட்டு எழுதி அனுப்பியாயிற்று. அங்கே லயத்தில் ஏழெட்டு வீடுகளில் ஒட்டியிருப்பதாக மைத்துனர் சொல்கிறார்.